பந்து வராத பக்கம்

ஆட்டம் பார்க்கும்போது கிளிஃப் அம்பிள்பிக்குப் பந்து கண்ணில் படாது என்று ஹேக்தார்ப் ஊரில் கேலி பேசுவார்கள். அதில் பாதி உண்மை. பந்து ஒரு மூலையில் போய்க்கொண்டிருக்கும். அவரோ கோட்டோரம் கைத்தடியை ஊன்றி நின்றபடி, மறு மூலையில் சேற்றிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் எவனோ ஒருவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ரக்பி லீக் என்பது பந்தோடு ஓடி வருகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கிற ஆட்டம். சாய்க்கிறவனும் சேர்ந்துதான் விழுவான். விழுந்தவன் எழுந்து, பின்வாங்கி, மறுபடி தன் வரிசையில் போய் நிற்க வேண்டும். ஆறு தடவை சாய்த்துவிட்டால் பந்து எதிரணிக்கு. "எவன் வேகமா ஓடறான்னு கைக்குழந்தைகூடச் சொல்லிடும். எவன் மெதுவா எந்திரிக்கறான்னு பாருங்கடா," என்பார் தன் ஆட்களிடம். அப்படி ஒருத்தன் தென்பட்டுவிட்டால் அதன் பிறகு ஓயமாட்டார். அவன் மேலேயே திரும்பத் திரும்ப ஆளை ஏவுவார். கடைசியில் எதிரணிச் சுவர் அந்த இடத்தில்தான் இடியும். இரக்கமில்லாத வித்தைதான். ஆனால் ஒரு சுரங்க ஊரின் அணி இரண்டு முறை மாவட்டக் கோப்பையைத் தூக்கி வந்தது அந்த வித்தையால்தான்.

பதினாலு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். இளமையில் அதே அணியின் நல்ல ஆட்டக்காரர். முப்பத்தோரு வயதில் சுரங்கக் கூரை சரிந்து வலது கால் நசுங்கியது. அதற்குப் பிறகு மேலே, இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுத்து வாங்குகிற அறையில் வேலை. சனிக்கிழமைகளில் அணிக்குப் பயிற்சி. மனைவி டோரின் சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகள் ஜானிஸ்.

ட்ரெவர் ஸ்வேல்ஸ் அணிக்கு வந்தபோது ஒல்லிப் பையன். எதிரணி வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம் இருந்தால் போதும், அந்தப் பக்கம் போய்விட்டிருப்பான். பந்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்கிற இடத்தில் கிளிஃப் அவனை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கும் கூப்பிட்டார். உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, கடுகு விழுது ஜாடி எல்லாவற்றையும் மேசையில் நகர்த்தி நகர்த்தி இருவரும் ஆட்டம் பேசுவார்கள். "ஆட்டம் முடிஞ்சதும் அந்த உப்பக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க," என்பாள் ஜானிஸ். இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆயிற்று. பிறகு ஆடம் பிறந்தான்.

சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து வேலைநிறுத்தம் மார்ச்சில் தொடங்கியது. கோடை முழுக்க ஊர் தலை நிமிர்ந்து நின்றது. குளிர்காலம் வந்ததும்தான் நிலைமை முற்றியது. நிலக்கரி வெட்டுகிற ஊரில் அடுப்புக்குக் கரியில்லை. சுரங்கக் கழிவுக் குன்றைக் கையால் தோண்டிப் பொறுக்கி வந்த கரிதான் எரிந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் வெல்ஃபேர் ஹாலில் பெண்கள் கஞ்சித்தொட்டி நடத்தினார்கள். உருளைக்கிழங்கும் பட்டாணியும், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் கொத்துக்கறியும். ஜானிஸ் அங்கே கரண்டி பிடித்தாள். ஈரம் ஊறிய வீட்டில் ஆடத்துக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி சேர்க்கும்படி ஆயிற்று.

ஜனவரியில் ஒரு காலை, வேலைக்குத் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு, ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த பஸ் சுரங்க வாசலுக்கு வந்தபோது அதில் ட்ரெவர் இருந்தான்.

கிளிஃப் அன்று மறியலில்தான் நின்றிருந்தார். சுற்றி நின்றவர்கள் தொண்டை கிழிய "கருங்காலி, கருங்காலி" என்று கத்தினார்கள். வலைக்குப் பின்னால் இருந்த முகம் இவரைப் பார்த்தது, பிறகு குனிந்துகொண்டது. கிளிஃப் கத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கவனித்தார்கள்.

அன்று மதியமே கஞ்சித்தொட்டியில் ஒருத்தி ஜானிஸின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே வீட்டு ஜன்னல் உடைந்தது, கதவில் பெயிண்ட் விழுந்தது. கிளிஃப் மகள் வீட்டுப் பக்கம் போகவில்லை. தெருவில் மருமகன் எதிரே வந்தால் அவனும் பேசவில்லை, இவரும் பேசவில்லை.

இதற்கு நடுவே அணி கோப்பையின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. அந்த வருடம் ஊருக்கென்று மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அதுதான். எதிரணி கில்பர்ன், ரசாயன ஆலைக்காரர்கள், ஒவ்வொருவனும் அலமாரி மாதிரி இருப்பான். ஹேக்தார்ப்பில் ஆளே இல்லை. மறியலில் கை முறிந்தவன் ஒருவன், ஜாமீன் நிபந்தனையில் வீட்டோடு கிடப்பவர்கள் சிலர், தெற்கே வேலை தேடிப் போனவன் ஒருவன். ட்ரெவரையும் சேர்த்தால்தான் ஆட்டத்துக்கு வேண்டிய பதிமூன்று பேர் தேறும். மாற்றாள் என்று வெளியே உட்காரக் கிடைத்தது நாற்பது தாண்டிய ரொட்டிக்கடைக்காரர் மட்டும்.

கிளிஃப் அவன் பெயரையும் எழுதி ஹால் வாசலில் ஒட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் யாரோ அதைக் கிழித்துப் போட்டார்கள். சாயங்காலம் ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஹாலின் பக்கத்து அறையில் வந்து நின்றார்கள். கேப்டன் பெர்னார்ட் ஷில்லிட்டோதான் பேசினான். கழுத்தே இல்லாத பெரிய உடம்பு. பத்து மாதப் பட்டினியில் அந்த உடம்பில் சட்டை தொளதொளத்தது.

"கிளிஃப், உங்க மருமகன்ங்கறதால சொல்லத் தயங்கறோம்னு நினைக்காதீங்க. அவன் இறங்கினா நாங்க இறங்கமாட்டோம்."

"மருமகன்னு அவன் பேர எழுதல. பன்னெண்டு பேரையும் ரொட்டிக்கடைக்காரரையும் கூட்டிட்டு கில்பர்ன்கிட்டப் போனா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"தோத்துட்டுப் போறோம்."

"ஊரே கிளம்பி வருதுப்பா, நடந்தே வர்றாங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு, தோத்துட்டுப் போறோம்னு."

பந்தை எடுத்துப் பிரித்துக் கொடுக்கிற மிக், சுவரில் சாய்ந்தபடி சொன்னான்: "அவனுக்கு என் கையால பந்து போகாது. அத இப்பவே சொல்லிட்டேன்."

"போக வேணாம்," என்றார் கிளிஃப்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கே அந்த யோசனை அப்போதுதான் வந்தது. வந்ததும் முழுதாக வந்துவிட்டது.

"போன வருஷம் கில்பர்ன கிழிச்சது யாரு? ட்ரெவர்தான். அவன் மேல ரெண்டு பேர நிறுத்தாம அவங்க ஆட்டத்தையே ஆரம்பிக்கமாட்டாங்க. அவன் ஒவ்வொரு தடவையும் வலது பக்கம், பந்து வாங்கப்போறவன் மாதிரி முழு வேகத்துல ஓடட்டும். ரெண்டு பேரும் அவன் பின்னாடியே போவாங்க. பந்து இடது பக்கம் போகும். அங்க நமக்கு ஆள் கூடுதலா இருக்கும். யாரும் அவனுக்குப் பந்து தரவேணாம், பேசவும் வேணாம்."

"பந்து இல்லாமலே அவன அடிப்பாங்களே," என்றான் பெர்னார்ட். "அந்த ஆளுங்க லேட்டா வந்து அடிக்கறவனுங்க. நடுவர் கண்ணு பந்து பின்னாடி போயிடும்."

"அடிப்பாங்கதான்."

பிறகு பெர்னார்டின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் சிரித்து கிளிஃப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தான் எதை விலையாகக் கொடுத்தோம் என்று அந்தச் சிரிப்பில் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"அப்படின்னா சரி," என்றான் பெர்னார்ட். "இறங்கட்டும்."

மறுநாள் காலை கிளிஃப் மகள் வீட்டுக்குப் போனார். ட்ரெவர்தான் கதவைத் திறந்தான். வாங்க என்று சொல்லவில்லை, நகர்ந்து வழி விட்டான். சமையலறை ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருந்தது. கணப்பில், வேலைக்குப் போகிறவனுக்குச் சுரங்கம் தருகிற நல்ல கரி கனன்றது. கிளிஃபின் கைகள் தாமாகவே அந்தப் பக்கம் நீண்டன. இழுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை நீ ஆடற."

"பேர் எழுதினீங்கன்னு ஜானிஸ் சொன்னா. கிழிச்சதையும் சொன்னா."

"ஆடற. ஆனா உனக்குப் பந்து வராது." அவர் திட்டத்தைச் சொன்னார். ட்ரெவர் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"இது யாரோட யோசனை மாமா?"

"என்னோடதுதான்."

"நல்ல யோசனை. ஓசியில என்னைய அடிக்க ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கீங்க. ஊர்க்காரங்க கையும் வலிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தான். மாடியில் குழந்தை இருமியது. இருமல் நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். "எதுக்கு நான் ஆடணும்? நீங்களே சொல்லுங்க."

"ஒரே சட்டையைப் போட்டுட்டு, ஒரே மைதானத்துல உன்னோட நின்னாங்கன்னு ஆகும்ல. அங்கிருந்துதான் மத்ததெல்லாம் சரியாகணும். இந்த ஊர்லதானப்பா நீ இருந்தாகணும்."

சொல்லும்போது அதை அவர் நம்பினார். கோப்பை மேல் இருந்த ஆசையும் அதோடு சேர்ந்துதான் இருந்தது. இரண்டும் எங்கே பிரிகிறது என்று அவர் பார்க்கவில்லை.

ட்ரெவர் கணப்பில் ஒரு கரித்துண்டைத் தள்ளினான். "எத்தனை மணிக்கு வரணும்?"

"எல்லாரும் வர்ற நேரத்துக்குத்தான்."

"எல்லாரும் வர்ற நேரத்துக்கு நான் எங்கயும் போறதில்ல மாமா," என்றான். பிறகு, "சரி, வரேன்," என்றான்.

சனிக்கிழமை ஆலங்கட்டியும் மழையும் கலந்து சாய்ந்து விழுந்தன. மைதானம் மேலே குழம்பு, அடியில் கல். உடைமாற்றும் அறையில் ட்ரெவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவன் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், தாழ்வாரத்தில் நின்றே உடை மாற்றிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியதும் கிளிஃப் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. மிக் குனிந்து பந்தை எடுக்கும் அந்த நொடியில் ட்ரெவர் வலப்பக்கம் பாய்வான், கைகளை நீட்டி, வாயால் பந்து கேட்டு. கில்பர்னின் இரண்டு ஆட்கள் அவன் மேல் போய் மோதுவார்கள். அதற்குள் பந்து இடப்பக்கம் கை மாறிக் கை மாறிக் கோட்டோரம் போயிருக்கும். முதல் பாதியிலேயே இடது ஓரத்தில், எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிக்கிற ட்ரை இரண்டு. நடந்தே வந்திருந்த ஊர்ச்சனம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. வலப்பக்கத்தில் ஒருவன் சேற்றிலிருந்து எழுந்து, வரிசைக்குத் திரும்பி, மறுபடி ஓடத் தயாராவதை யாரும் பார்க்கவில்லை. அவனைத் தூக்கிவிட அவன் அணியில் ஒரு கையும் நீளவில்லை. விழுந்து கிடப்பவனைத் தாண்டிப் போனார்கள்.

இடைவேளையில் கிளிஃப் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார். ட்ரெவர் கோல் கம்பத்தடியில் தனியே நின்றான். அவனிடம், "இன்னும் கொஞ்சம் அவங்க கோட்டுக்குக் கிட்டப் போய்த் திரும்பு," என்று மட்டும் சொன்னார். அவன் தலையசைத்தான். உதடு வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஓர் ஆள் தோளால் ட்ரெவரின் இடது விலாவுக்குக் கீழே இடித்தான். பந்து அப்போது எங்கோ தொலைவில். கிளிஃபின் கண் பழக்கப்படி தரைக்குப் போயிற்று. விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். ட்ரெவர் முதலில் முட்டியை ஊன்றினான், பிறகு ஒரு கையை. அப்படியே கொஞ்சம் இருந்தான், எதையோ யோசிக்கிறவன் போல. மைதானத்திலேயே கடைசியாக எழுந்தவன் அவன்தான். அடுத்த முறையும் அப்படித்தான்.

ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். அவரை அனுப்பினால் கில்பர்ன் அவரைச் சட்டை செய்யாது. அந்த இரண்டு ஆட்களும் இடப்பக்கம் போய்விடுவார்கள். திட்டம் அத்தோடு முடிந்தது. அவனாகக் கையைத் தூக்கினால் வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்று கிளிஃப் காத்திருந்தார். அவன் தூக்கவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

பத்துக்கு எட்டு என்று ஹேக்தார்ப் முன்னால் இருந்தபோது கில்பர்ன் கோட்டோரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "அவன விடுங்கடா, அவனுக்குப் பந்தே வர்றதில்ல." அத்தோடு வலப்பக்கம் காலியாயிற்று. மொத்தப் பேரும் இடப்பக்கம் வந்து அடைத்துக்கொண்டார்கள். அடுத்து மிக் பந்தை எடுத்தபோது இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் எதிரிக் கோட்டிலிருந்து பத்தடியில் ட்ரெவர் நின்றான். அவனைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான்.

"வலது, மிக், வலது பக்கம்," என்று கிளிஃப் கத்தினார்.

மிக் திரும்பி ட்ரெவரின் முகத்தை நேராகப் பார்த்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் போய் முட்டினான். மூன்று பேர் சேர்ந்து அவனைச் சாய்த்தார்கள், பந்து நழுவியது. அதை எடுத்த கில்பர்ன்காரன் மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். துரத்த ஆளில்லை.

தோற்றுவிட்டு வந்த அறையில் ஒருவரும் மிக்கைத் திட்டவில்லை. பெர்னார்ட் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். "அந்தக் கருங்காலி கையால ஜெயிச்ச கோப்பைல நான் பீர் குடிச்சிருக்கமாட்டேன்டா," என்றான் ஒருவன். வேறு சிலர் சிரித்தார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர்கள் இலேசாக இருந்தார்கள்.

கிளிஃப் கதவோரம் நின்று கேட்டார்: "மிக், அவன் நின்னத நீ பார்க்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன?"

"பாத்துதான் குடுக்கல."

ட்ரெவர் அதற்குள், சட்டையின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, நின்றும் நிற்காமலும், தகவல் சொல்லிவிட்டுப் போனாள். ட்ரெவர் விடிகாலையில் சமையலறையில் மயங்கி விழுந்திருக்கிறான். மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. அறுத்து எடுத்துவிட்டார்கள், உயிருக்கு இன்னும் உத்தரவாதமில்லை.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் ஜானிஸ் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளிஃப் எதிரே போய் நின்றார். கைத்தடியின் முனையிலிருந்து ஈரம் தரையில் சொட்டியது.

"எங்கப்பா கண்ணுல எதுவும் தப்பாதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க," என்றாள். "பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"ரெண்டாவது பாதி ஆரம்பத்துல."

அவள் அழவில்லை. குழந்தையின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் போட்டு முடித்ததும், "இனிமே வராதீங்க," என்றாள்.

மார்ச்சில் வேலைநிறுத்தம் முடிந்தது. எதுவும் கிடைக்காமலேதான் முடிந்தது. முன்னால் பேண்டு வாசிக்க, கொடி பிடித்து, ஊரே சுரங்கத்துக்கு ஊர்வலமாகத் திரும்பியது. கிளிஃபும் நொண்டிக்கொண்டே அதில் நடந்தார். ட்ரெவர் அப்போதும் வார்டில் கிடந்தான். அந்த இலையுதிர் காலத்தில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். கடைசிவரை நின்றவனும் நடுவில் வேலைக்குப் போனவனும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தார்கள். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

ஜானிஸும் ட்ரெவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு லிங்கன்ஷயர் கடற்கரைப் பக்கம் போனார்கள். அவன் அங்கே ரொட்டி வண்டி ஓட்டினான். முன்போல உடம்பு தேறவில்லை. சின்னக் காய்ச்சலும் அவனைப் படுக்கையில் தள்ளிவிடும் என்று சுற்றி வளைத்துச் செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். ஆடம் எழுதப் பழகியதிலிருந்து அதில் மூன்று பெயர்களும் அவன் கையெழுத்தில் இருக்கும்.

கிளிஃப் அதன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஒரு தடவை பெர்னார்ட் வீட்டுக்கே வந்து, "சனிக்கிழமை கில்பர்ன்கூட ஆட்டம், பசங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டான். கண் சரியாகத் தெரிவதில்லை என்று அனுப்பிவிட்டார். கெட்டுப்போயிருந்தது கண்ணல்ல, நுரையீரல். கரித்தூசி உள்ளே படிந்து, மாடிப்படி ஏறமுடியாமல் போய், கட்டில் கீழே வந்தது. பிறகு ஆக்சிஜன் உருளையும் வந்தது.

எட்டாவது வருடம், மே மாதத்தில் ஒரு மதியம், ட்ரெவர் வந்தான். முன்தலை வழுக்கை, கன்னம் ஒட்டியிருந்தது. கிளிஃபுக்கு ஆள் யாரென்று தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஜானிஸ் வரல," என்றான். "வரமாட்டேன்னுட்டா. நான் வந்தது அவளுக்குத் தெரியும்."

தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். கிளிஃப் தலையணையில் சரிந்து கிடந்தார். அவருடைய கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்தான். தூக்கும்போது அவனுக்கும் மூச்சு வாங்கியது. ஆடம் கால்பந்து ஆடுகிறான், கோல்கீப்பர் என்றான்.

கிளிஃப் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு தேட வேண்டியிருந்தது.

"அன்னிக்கு… ஒரு கை தூக்கியிருந்தா… உன்ன வெளிய எடுத்திருப்பேன்."

ட்ரெவர் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"வெளிய வந்து எங்க மாமா உக்காரச் சொல்றீங்க? யார் பக்கத்துல?"

ட்ரெவர் முகமூடியை எடுத்து அவர் முகத்தில் சரியாகப் பொருத்திவிட்டான். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தான். கடற்கரைப் பக்கம் போகிற பஸ் நாலு மணிக்கு. அதைப் பிடிக்க, ஊர் கண்ணில் படாத சந்து வழியாகவே நடந்தான், பெரிய தெருவுக்குப் போகாமல்.